நாற்பத்தேழு ‘ங்க’

கோயம்புத்தூரில் இருக்கும் அந்த மேலாண்மைக் கல்லூரி முதல் தடவை என் மகளை வேண்டாம் என்றபோது, காரணத்தையும் ஒரு வரியில் எழுதியிருந்தது: தலைமைப் பண்பு போதவில்லை. அவளுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரில் நேர்காணல் நடந்தபோது பக்கத்து அறையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு நிமிடத்தில் நாற்பத்தேழு தடவை ‘ங்க’ போட்டாள். பேசியது ஆங்கிலம்தான். ஆனாலும் யெஸ்ஸுங்க, நோங்க, தேங்க் யூங்க சார். ‘ஐ ஆம் எ லீடருங்க’ என்றுகூட ஒரு தடவை. அங்கேயே காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் அவளுக்கு வேலை. முப்பத்தாறு வண்டிகளில் எது எந்த ஊரில் நிற்கிறது, அடுத்து எங்கே லோடு ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் ஒன்பது வருடமாக அவள்தான் பார்க்கிறாள். பதவி மட்டும் உதவியாளர். மேலாளர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. முதலாளி தங்கமான மனிதர். “எம்.பி.ஏ. சேந்ததுக்கு லெட்டர் கொண்டா சாமி, சேர் உனக்குத்தான். அதுவரைக்கும் வேலைய மட்டும் பாத்துக்கோ” என்றார். இரண்டாம் தடவையும் இடம் கிடைக்காவிட்டால் அந்த நாற்காலியில் அவருடைய மருமகன் உட்காருவார். மருமகனிடம் எம்.பி.ஏ. இருக்கிறது. லாரிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் குனிந்து பார்ப்பார்.

மறுபடியும் விண்ணப்பித்தபோது படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது. சென்ற முறைக்குப் பிறகு உங்களிடம் என்ன மாறியிருக்கிறது?

“என்னுங்ப்பா மாறியிருக்குது?” என்று என்னைக் கேட்டாள். “ஒரு வயசு கூடியிருக்குதுங்க.”

“இந்த ‘ங்க’வ விடு சாமி. அதான் மாத்தம். அதிகாரமாப் பேசிப் பழகு.”

மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டாள். “அப்பா, சாப்பிட வா” என்றாள். திட்டம் என்னுடையதுதான். இருந்தாலும் அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

“உங்களுக்கு வேணுமுங்க” என்றாள் என் மனைவி, சட்னியை நகர்த்தி வைத்தபடி.

அன்றே ஆபீசிலும் பழகிப் பார்த்திருக்கிறாள். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே போய்க்கொண்டிருந்த டிரைவரைப் போனில் கூப்பிட்டு, “வண்டி எங்க நிக்குது? ஏன் லேட்டு? சீக்கிரம் போ” என்று மூன்றே வாக்கியம். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, வால் இல்லாமல். எதிர்ப்பக்கம் இருந்தவர், “சரிங்க அம்மிணி” என்று மட்டும் சொன்னாராம். அதிகாரம் வேலை செய்கிறது என்று சாயங்காலம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் அந்த டிரைவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். வண்டி வரவில்லை, அவர் மட்டும் வந்திருந்தார். கிருஷ்ணகிரியில் ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, சாவியோடு பஸ் ஏறியிருக்கிறார்.

“ஏனுங்க அம்மிணி, வேலைய உட்டு நிக்கச் சொல்றதுன்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்கல்ல? ஒம்பது வருசத்துல ஒரு நாளு என்னைய வா போன்னு சொன்னதில்லீங்க நீங்க. நேத்து சொன்னீங்க. செரி, கணக்க முடிச்சுட்டாங்கன்னு நெனச்சனுங்க” என்று சாவியை மேசைமேல் வைத்தார்.

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க. எங்கப்பா ஒரு யோசனை சொன்னாருங்க.”

“அப்பா நல்லா இருக்கறாருங்களா?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வியில் என் உடல்நலம் பற்றிய அக்கறை எவ்வளவு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

டீ வாங்கிக் கொடுத்து, “வாங்க, போலாமுங்க, நானும் கிருஷ்ணகிரி வரைக்கும் வாரேன்” என்று கூடவே போய் அவரை வண்டி ஏற்றிவிட்டு வந்தாள். ஜவ்வரிசி இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும், “நான் பழையபடியே பேசிக்கறனுங்ப்பா. லோடு போய்ச் சேரோணுமுங்க” என்றாள். படிவத்தில் என்ன மாறியது என்ற கேள்விக்கு நேராக நடந்ததை நடந்தபடி எழுதினாள்: ஒரு மாற்றம் செய்து பார்த்தேன், ஒரு லாரி நின்றுவிட்டது, அதனால் மாற்றத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். இதைப் படித்துவிட்டு யார் இடம் கொடுப்பார்கள் என்று இரண்டு நாள் சண்டை போட்டேன். அவள் அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது நேர்காணலும் கம்ப்யூட்டரில்தான், நானும் அதே பக்கத்து அறையில்தான். மூன்று பேராசிரியர்கள். லாரி கதையைத்தான் முதலில் கேட்டார்கள். மீண்டும் யெஸ்ஸுங்க, மீண்டும் நோங்க. இருபதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன், இரத்த அழுத்தம் இருக்கிறது. கடைசியில் மூத்தவர், ஏதாவது கேட்க வேண்டுமா என்று தமிழில் கேட்டார். இந்த இடத்தில் எல்லோரும் ‘இல்லை, நன்றி’ என்று சொல்லி எழுந்துவிட வேண்டும்.

“ஒண்ணே ஒண்ணுங்க சார். போன தடவ மூணு வாரம்னு சொல்லி ஏழு வாரம் ஆக்கிப்போட்டீங்க. உங்களுக்கும் எத்தனையோ வேல இருக்குமுங்க, தப்புச் சொல்லலீங்க. இந்தத் தடவ என்னைக்குங்க சொல்லுவீங்க?”

“சீக்கிரமே...”

“சீக்கிரம்னா கெழமை சொல்லுங்க சார். நான் குறிச்சுக்கறனுங்க.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டும். பிறகு அந்த மூத்தவரின் குரல் கேட்டது. “வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறோமுங்க.”

அவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. அந்த ‘ங்க’ அவர் வாயிலிருந்துதான் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே, ஏதோ ஒரு டிரைவர் வண்டி வந்து சேரும் நேரத்தைச் சொல்வது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குக் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. முதலாளிக்குக் காட்ட இரண்டு பிரதி எடுத்தேன். எடுக்கும்போதுதான் கீழே இருந்த நிபந்தனை கண்ணில் பட்டது. முதல் பருவத்தில் அதிகாரத்தோடு பேசுவதற்கான சிறப்பு வகுப்பு, வாரம் இரண்டு மணி நேரம், கட்டாயம்.

அவளிடம் படித்துக் காட்டினேன்.

“போலாமுங்ப்பா” என்றாள். “அவங்களும் ஆசையா சொல்லித் தாராங்க. பாவமுங்க, கேட்டுக்கலாம்.”