வளைகாப்புக்குப் போன வேனும் நான் ஊதிய கற்பூரமும்

என் வேனைத் திருட ஒரு பெரிய கும்பல் கிளம்பியிருக்கிறது, அதன் தலைவி இனிமையான குரல் கொண்ட ஒரு பெண் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. செல்போனில் ஒரு செய்தி வந்தது. என்னிடம் இருக்கும் ஏழு பேர் உட்காரும் வேனில் பெட்ரோல் போகும் ஹோஸில் குறை இருக்கலாம், சேசிஸ் நம்பரைச் சரிபார்க்க இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்றது. லிங்க்கை அழுத்தச் சொல்கிறவன் திருடன் என்பது இப்போது பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். மேலும் நான் பாத்திரக்கடைக்காரன். விற்ற பொருளை மறுபடி கூப்பிட்டு, இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும் வியாபாரி ஒருவனை நான் இதுவரை பார்த்ததில்லை, கண்ணாடியில்கூட. ஆகவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘உஷார்! புது மோசடி!’ என்று போட்டுவிட்டு, வந்து விழுந்த கட்டைவிரல்களை எண்ணி மகிழ்ந்தேன்.

சில நாள் கழித்து அந்தத் தலைவியே பேசினாள்.

“சார், சர்வீஸ் சென்டர்லேருந்து பேசறேன். உங்க வண்டி மாடலுக்கு ரீகால் வந்திருக்கு. சேசிஸ் நம்பர் பாக்கணும்.”

“சரிம்மா. ஓ.டி.பி. எப்ப கேப்பீங்க?”

“ஓ.டி.பி.லாம் வேணாம் சார். மாத்தற வரைக்கும் வண்டிய ஓட்டாதீங்க, மூடின ஷெட்ல நிறுத்தாதீங்க. நாங்களே வந்து எடுத்துக்கறோம். காசு எதுவும் கெடையாது.”

“நீங்க எடுத்துக்கினு போயிடுவீங்க, நான் பஸ்ஸுல போவணும். அதான?”

“சார்...”

“நல்லா பேசறீங்கம்மா. ஒரு நல்ல வேலையா பாத்து சேருங்க.”

இந்த உரையாடலை அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினேன். குடம் வாங்க வந்த ஓர் அம்மாள் சிரித்த சிரிப்பில் பேரம் பேச மறந்தே போனாள்.

அந்த வாரங்களில் எங்கள் ஷெட்டில் பெட்ரோல் வாடை அடித்தது உண்மை. மாடியில் குடியிருப்பவரின் பைக்கைத் திட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அதே ஷெட்டில், வேனுக்கு முன்னால், தட்டில் கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பிறகு என் மகளின் வளைகாப்பு வந்தது. ஏழாம் மாதம். கீழ்பென்னாத்தூரில் அவள் மாமியார் வீட்டில் விழா. முடிந்ததும் அவளை எங்கள் வேனில் திருவண்ணாமலைக்குக் கூட்டிவருவதாக ஏற்பாடு.

காலை முழுக்க நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். பந்தி போடும் நேரத்தில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “சத்தியமா, சாம்பார்ல பல்லி விழுந்துடுச்சாம்” என்று மெதுவாகச் சொன்னேன். சம்பந்தி வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் சமையல் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்து என்னைத் துரத்தினார்கள். அண்டாவைவிடப் பெரிய வாய் இந்த மனுஷனுக்கு என்று சொன்னது யார் என்று தெரியவில்லை. என் மனைவியாக இருக்கலாம்.

ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும். மகள் இரண்டு கை நிறைய வளையலோடு வேனின் நடு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் என் மனைவி. வெயிலுக்கு ஏ.சி. ஓடட்டும் என்று இன்ஜினைப் போட்டுவிட்டு நான் இறங்கி நின்றேன். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. திருஷ்டி கழிக்க சம்பந்தியம்மா பூசணிக்காய் எடுத்துவர உள்ளே போயிருந்தார். அப்போது என் போன் அடித்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வேன் ஓட்டும் நண்பன். என்னுடையதும் அவனுடையதும் ஒரே மாதத்தில் எடுத்த, ஒரே மாதிரி வண்டிகள்.

“மச்சான், சாயங்காலம் உன் வேன் கெடைக்குமா? ஒரு கோஷ்டிய ஏத்தணும்.”

“உன் வேனுக்கு இன்னா?”

“சர்வீஸ்ல உட்டுருக்கேன்டா. பெட்ரோல் ஹோஸ் மாத்தறாங்க. உனக்கும் மெசேஜ் வந்திருக்குமே?”

“அது... நெசமா?”

“நெசமாவா? கசிஞ்சா இன்ஜின் சூட்டுக்கு பத்திக்குமாம்டா! நீ இன்னும் மாத்தலையா? இப்ப எங்க இருக்கே?”

போனைக் காதிலிருந்து எடுத்தேன். மூக்கு வேறு வேலையில் இருந்தது. ஷெட்டில் அடித்த அதே வாடை. இங்கே மாடியும் இல்லை, பைக்கும் இல்லை. பானெட்டுக்கு அடியிலிருந்துதான் வந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் என் மகள் வயிற்றின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். வாசற்படியில் சம்பந்தியம்மா, கையில் பூசணிக்காய், அதன் உச்சியில் எரியும் கற்பூரம்.

“சம்பந்திம்மா, கிட்ட வராதீங்க. பெட்ரோல் கசியுது. வண்டி பத்திக்கும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“காலைல சாம்பார்ல பல்லி, இப்ப வண்டில பெட்ரோலா? நவுருங்கண்ணா, ராகு காலம் வந்துடும்.”

“இல்லம்மா, சத்தியமா!”

“பல்லிக்கும் சத்தியம் பண்ணீங்க.”

வேனுக்குள்ளிருந்து என் மனைவி தலையை நீட்டினாள். “இன்னாங்க, நல்ல நேரத்துல இப்டியா பேசுவாங்க? வாய மூடிக்கினு இருங்க.”

கத்தினேன். கத்தக் கத்த இன்னும் சிரித்தார்கள். நான் எந்தப் பொய்யையும் சிரிக்காமல், கண் கலங்கச் சொல்கிறவன் என்பது அந்தக் குடும்பத்துக்கு நிச்சயதார்த்தத்திலிருந்தே தெரியும். அன்று என் முகம் நடித்த நடிப்பில் குறையே இல்லை.

சம்பந்தியம்மா பானெட்டுக்கு முன்னால் நின்று முதல் சுற்று சுற்றினார். இன்ஜினை அணைக்க வேண்டும், மகளை இறக்க வேண்டும், நெருப்பைத் தள்ள வேண்டும் என்று மூளை மூன்று உத்தரவுகளைச் சேர்த்துப் போட்டது. நான் குனிந்து டயருக்கு அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது சுற்றில் காற்று திரும்பியது. கற்பூரச் சுடர் வேன் பக்கமாகப் படுத்தது.

பாய்ந்து போய் ஊதினேன்.

மலையில் தீபம் தெரிந்தால் ஊரே கைகூப்பி நிற்கிற மாவட்டம் இது. சாமிக்குக் காட்டும் விளக்கையும் கற்பூரத்தையும் வாயால் ஊதி அணைக்கக் கூடாதென்று விவரம் தெரியாத குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்போம். நான் வளைகாப்பு நாளில், என் மகளுக்குச் சுற்றிய கற்பூரத்தை, கன்னம் உப்ப ஊதினேன். முதல் ஊதலுக்கு அது அணையக்கூட இல்லை, குனிந்து நிமிர்ந்தது. இரண்டாவது ஊதலில் எச்சிலும் கலந்திருந்தது. அணைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா அணைந்த கற்பூரத்தையே பார்த்தார். புகை மட்டும் அவர் முகத்துக்கு நேரே எழுந்தது. யாரோ ஒரு கிழவர், “இன்னாய்யா இது அநியாயம்” என்றார்.

அப்போதுதான் வேனின் பக்கக் கதவு திறந்தது.

“அப்பா, உள்ள பெட்ரோல் நாத்தம் அடிக்குதுப்பா. வவுத்தைப் பெரட்டுது. மாசமா இருக்கறதால அப்டி தோணுதுன்னு நெனச்சிக்கினு பேசாம இருந்தேன்.”

சம்பந்தியம்மா பூசணிக்காயைத் தரையில் வைத்தார். மருமகளின் கையைப் பிடித்து இறக்கி, தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிக்கு நடத்திக்கொண்டு போனார். வளையல்கள் அத்தனையும் குலுங்கின. என் மனைவி பின்னாலேயே ஓடினாள். நான் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். கூட்டம் தானாக விலகியது. பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதைச் செருப்பால் தேய்த்த வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். அதே இனிமையான குரல்.

“சொல்லுங்க சார்... ஓ.டி.பி. சார்தான நீங்க?”

“ஆமாம்மா.”

“ஓ.டி.பி. வேணாம் சார். சேசிஸ் நம்பர் மட்டும் சொல்லுங்க.”

ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நம்பரைப் படித்தேன். இரண்டு முறை தப்பாகப் படித்தேன், அவள் பொறுமையாக மறுபடி படிக்கச் சொன்னாள். என் வண்டியும் அந்த ரீகாலில் சேர்ந்ததுதானாம். வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், யாரும் நிற்க வேண்டாம், இழுத்து வர வண்டி அனுப்புகிறோம் என்றாள். நல்ல வேலையில்தான் சேர்ந்திருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. “சரிம்மா” என்று முடித்தேன்.

ராகு காலம் முடியும்வரை எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு பஸ் ஏறினோம். கண்டக்டர் முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி என் மகளை உட்காரவைத்தார். பஸ் நகரும்போது சம்பந்தியம்மா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“அண்ணா, இனிமே பல்லி விழுந்தாலும் நம்பறேன்” என்றார். அவர் கண் சிவந்திருந்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் பானெட்டைத் திறந்து காட்டினார்கள். கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்த இடத்தில் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது. அதைச் சுற்றி ஈரம். நான் ஒரு டீ குடித்து வருவதற்குள் புது ஹோஸ் மாட்டிவிட்டார்கள். காசு வாங்கவில்லை.