போ கட்டாத கதிரை

தங்கையின் கலியாணத்துக்காக, விருந்தினர் இருக்கும் கதிரைகளின் முதுகில் கட்டும் பெரிய துணிப்பூக்களைக் கிளிநொச்சியில் ஒரு தையல்கார அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்தோம். அந்தப் பூவை இங்கே ‘போ’ என்பார்கள். அக்காவின் ஒரு தோள் சரிந்திருக்கும். சும்மா இருக்கும்போதும் விரல்கள் சேலைத் தலைப்பைக் கொசுவிக்கொண்டிருக்கும்.

“கதிரைக்குக் கதிரை போ, போ எண்டு கட்டினா, ஆர் வந்து இருக்கிறது, தங்கச்சி?” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இடம்பெயர்ந்த காலம் முழுக்க ‘போ, போ’ எண்டதைத்தானே கேட்டனாங்கள். எனக்கு ஒரு கதிரையை வெறுமையா விடுங்கோ.”

விட்டேன். கலியாணத்தன்று அதில் இருந்தபடியே நித்திரையாகிப்போனார். கெட்டிமேளத்துக்கும் விழிக்கவில்லை. விரல்கள் மட்டும் தலைப்பைக் கொசுவிக்கொண்டிருந்தன.

பந்தி முடிந்து, கதிரை அடுக்குபவர் அவரை எழுப்பப் போனார்.

“அவா இருக்கட்டும்,” என்றேன்.