நூல் இல்லாமல் பிணைக்கும் கைகள்

பட்டுத்தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரு பாவு முடிந்தால் பழைய நூல்களை அறுத்துப் போட்டுவிட மாட்டோம். ஒவ்வொரு பழைய முனையோடும் புதுப் பாவின் முனையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான முனைகள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போய் நான் செய்வது இந்த வேலைதான். மகள் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு போனேன். தறி ஓரத்தில் உட்காரவைத்தால் பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். மின்விசிறி கழன்று விழுமோ, பொரி தொண்டையில் சிக்குமோ என்று பதைப்பேன். ஒன்றரை வயதில் அவள் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து விரல்களை முறுக்கத் தொடங்கியபோது மட்டும் பயப்படவில்லை.

"பாரேன், இப்பவே பிணைக்கக் கத்துக்கினா! இனிமே உனக்கு வேலை இல்லம்மா," என்றாள் தறிக்கார அக்கா.

"கூலிய மட்டும் என் கையில குடுத்துடுக்கா."

சிரித்தோம். அக்கா ஒரு நூல் துண்டை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். விழுந்தது. மறுபடியும் வைத்தாள். விழுந்தது. கைகள் மட்டும் நிற்காமல் முறுக்கிக்கொண்டே இருந்தன.

அந்த மாதமே பொரியை எடுப்பது நின்றது. 'அப்பா', 'தா' என்று அவளிடமிருந்த இரண்டு சொற்களும் போயின. காஞ்சிபுரத்தில் பார்த்த மருத்துவர் சென்னைக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் என்னையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார் ஒரு மருத்துவர் அம்மா.

"மூளையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஜீன் இருக்கும்மா. எது எப்போ, எவ்வளவு வேலை செய்யணும்னு கட்டுப்படுத்த ஒரு புரதம் இருக்கு. பாப்பாவுக்கு அது சரியா உருவாகல. அதனால மூளை வளர உதவுற ஜீன்கள் தாறுமாறா வேலை செய்யுது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இணைப்பு வலுவாகல."

"புரதம் முட்டையில கீதே மேடம்," என்றார் கணவர். "தெனம் ரெண்டு குடுத்தா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. "அது வயித்துல செரிச்சுடும்பா. இது செல்லுக்குள்ளயே உருவாகணும்."

"பொறந்தப்ப நல்லாத்தானே இருந்தா?" என்றேன்.

"மூளை வளர வளரத்தான் அந்தப் புரதம் அதிகமா தேவைப்படும். அதான் அப்போ தெரியல."

"அந்த செல்லுங்க செத்துப்போச்சா மேடம்?"

"இல்லம்மா. உயிரோடதான் இருக்கு."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருந்தால் அந்தப் புரதத்தை வெளியிலிருந்து ஊசியில் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"கம்மியானாலும் கெடுதல், அதிகமானாலும் கெடுதல். செல்லுக்குள்ள சரியான அளவு இருக்கணும். ஆராய்ச்சி நடக்குது. ஆனா பாப்பாவோட கை பழையபடி வரும்னு என்னால சொல்ல முடியாது. நீங்க எந்தத் தப்பும் பண்ணல, அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம். இத்தனை நாள் நான் பயந்த பயமெல்லாம் எந்த வாசலைக் காவல் காத்தது என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் கணவர் பேருந்து நிலையத்துக்கு வெளியே முட்டை வாங்கினார். நான் தடுக்கவில்லை.

இப்போது அவளுக்கு ஆறு வயது. விழித்திருக்கும் நேரமெல்லாம் முறுக்கி முறுக்கித் தோல் உரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். ஒரு கையை நான் பிடித்துக்கொண்டால் மற்றது தன் ஜோடியைத் தேடி வந்துவிடும். வேலைக்குப் போனால் என் கையும் அவள் கையும் ஒரே மாதிரி அசைகின்றன. என் கையிலிருந்து சேலை வருகிறது.

போன வாரம் ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று என் கையையும் பக்கத்தில் இருந்த மகளின் கையையும் பார்த்தாள்.

"ஐய, உன்ன மாதிரியே பண்ணுதுக்கா! கத்துக் குடுத்தியா?"

"ஆமாம்மா," என்றேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, சாம்பலைத் தொட்டு அடுத்த முனையை எடுத்தேன்.