கருப்பையா, அந்தோணி, நான்

இரண்டு நாளாக வீட்டில் நான் மட்டும்தான். மகனும் மருமகளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கமுந்திங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். குழம்பை வைத்துவிட்டுப் போன மருமகள், அடுப்பைப் பற்றவைக்கும் விதத்தை எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள், நான் அடுப்பையே பார்க்காதவன் மாதிரி. நேற்று மத்தியானம் பால் டின்னால் அரிசியை அள்ளிப் பானையில் போட்டேன். மூன்றாவது டின்னைக் கொட்டிய பிறகுதான் புத்தி வந்தது. ஒற்றைக் கிழவனுக்கு எதற்கு மூன்று டின் அரிசி?

அந்த அளவு என் கைக்கு இருபது வயதில் பழகியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். ஈப்போவிலிருந்து ரயிலில் இரண்டு நிறுத்தம் போய், அப்புறம் ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் கித்தாத் தோட்டம், ரப்பர்த் தோட்டம். கூலிகளுக்குக் கட்டிய லயத்தில் ஒரே அறையில் மூன்று தனிக்கட்டைகள் இருந்தோம். கருப்பையா என்னைப் போலப் பால் வெட்டுகிறவன். அந்தோணிக்கு ஸ்டோரில் வேலை. உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட்டாக இழுப்பான். சமையல் முறை வைத்து மாறி மாறி. என் முறை வந்தால் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் பொங்கிய சோற்றை அந்தோணி ஒருநாள் விரலால் தூக்கிப் பார்த்தான். "இத ரோலர்ல போட்டு இழுத்தா நல்ல ஷீட்டு வரும்டா" என்றான். உண்மையைச் சொல்வதென்றால் வந்திருக்கும்.

அந்தோணி திருச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவன். எலும்பும் தோலுமான உடம்பு. மாதத்துக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து நடுங்குவான். எங்கள் இரண்டு பேர் கம்பளியையும் சேர்த்துப் போர்த்தினாலும் பல் அடித்துக்கொள்ளும். கருப்பையா அதற்கு நேர்மாறு. தோளில் இரண்டு வாளிப் பாலோடு சீழ்க்கை அடித்துக்கொண்டே மேடு ஏறுவான். அட்டை ஒன்றுக்குத்தான் பயப்படுவான். அந்தோணி காய்ச்சலில் கிடக்கும்போது, "டேய், நீ போய்ட்டா ஒன் தலகாணி எனக்கு. இப்பவே சொல்லி வச்சுட்டேன்" என்பான். அந்தோணியும் நடுக்கத்தினூடே சிரிப்பான். மூன்று பேரில் முதலில் போகிறவன் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால்தான் அதை விளையாட்டாகப் பேச முடிந்தது.

சாப்பிடும் முன் அந்தோணி கண்ணை மூடி நீளமாக ஜெபம் சொல்வான். அந்த நேரத்தில் கருப்பையா அவன் தட்டிலிருந்து கருவாட்டுத் துண்டை மெதுவாக நகர்த்துவான். அந்தோணி கண்ணைத் திறக்காமலே, ஆமெனுக்கு முன்னால், "எடுத்தத வச்சுடு கருப்பையா" என்பான். தினமும் இதே கூத்து. தினமும் சிரிப்போம். இன்று உங்களிடம் சொல்லும்போது இதில் என்ன சிரிப்பு என்று எனக்கே விளங்கவில்லை.

கருப்பையா செத்த அன்று காற்றே இல்லை. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து, எல்லோரும் அவரவர் நிறைக்கு, அதாவது மர வரிசைக்குப் போயிருந்தோம். எனக்கு இரண்டு நிறை தள்ளி அவன் சீழ்க்கை கேட்டுக்கொண்டிருந்தது. மேலே எங்கோ மரம் முறிகிற ஓசை, அப்புறம் தரையில் ஏதோ விழுந்த சத்தம். தோட்டத்தில் கிளை விழுவது அதிசயமில்லை. நான் அடுத்த மரத்துக்குப் போய்விட்டேன். சீழ்க்கை நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்து அறையில் குடியிருந்த அஞ்சலை அக்காவுக்கு அவனுக்கு அடுத்த நிறை. அவர் அலறியபோதுதான் ஓடினேன்.

மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கத்தி கையிலேயே இருந்தது. காதோரம் கொஞ்சம் ரத்தம். அருகில் கிடந்தது ஒரு பட்ட கிளை, அடுப்புக்கு ஒடித்துப் போடலாம், அவ்வளவு பருமன்தான். அவன் கடைசியாகக் கீறிய மரத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆள் வந்து தூக்கிப் போனார்கள். எங்களை வேலை வாங்குகிற தண்டல் எங்களைப் பார்த்து, "போங்க, போங்க, பால் உறஞ்சிடும்" என்றார். நான் போனேன். மீதி மரங்களையும் வெட்டினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய் நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவனைப் பார்க்க வந்தேன். இதை நான் என் மகனிடம்கூடச் சொன்னதில்லை. கருப்பையா அன்று காலை வெட்டிய பாலும் எங்கள் பாலோடு தொட்டியில் போயிற்று. மறுநாள் அதை ரோலரில் இழுத்தவன் அந்தோணி.

அதன் பிறகும் நாங்கள் மூன்று டின் அரிசிதான் போட்டோம். குறைக்கலாம் என்று இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் குடித்துவிட்டு வேலைக்குப் போவோம். அந்தோணி ஜெபம் முடித்துக் கண் திறந்தால் கருவாடு தட்டில் அப்படியே இருக்கும். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிடுவான்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஈப்போவில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் பேசி முடித்துவிட்டேன். நல்ல வேலை, நிழலில் வேலை என்றெல்லாம் அந்தோணியிடம் காரணம் அடுக்கினேன். அந்த மரத்தைத் தாண்டித் தினமும் நடக்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நீயும் வாடா. ஒனக்கும் கேட்டு வச்சிருக்கேன்."

அந்தோணி கைத்துண்டை மடித்துக்கொண்டிருந்தான். "நீ போய்ட்டு வா. ரெண்டு பேரும் போய்ட்டா அவன் தனியாக் கெடப்பான்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். முதல் ஞாயிறு கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கியது. அடுத்த ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு கடைப் பையன்கள் பயாஸ்கோப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போனேன். என்ன படம் என்று இன்று நினைவில்லை. நான்காவது ஞாயிறுதான் சந்தையில் நல்ல மீனாக ஒன்று வாங்கி, இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

எங்கள் அறை வாசலில் ஒரு புதுப் பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அறை மாறி வந்துவிட்டேனோ என்று நின்றேன். என்னைக் கண்டதும் பக்கத்து அறையிலிருந்து வெளியே வந்த அஞ்சலை அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"செவ்வாக்கெழம தம்பி. வேல விட்டு வந்து இந்தப் படியில உக்காந்து கால் கழுவிக்கிட்டு இருந்தாரு. எங்கூடப் பேசிக்கிட்டேதான் இருந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

"காய்ச்சலா?"

"இல்ல தம்பி. ஒண்ணுமே இல்ல. ஒனக்குச் சொல்லி விடணும்னு எல்லாரும் தவிச்சோம். ஈப்போல நீ எந்தக் கடைல இருக்கன்னு அவருக்கு மட்டுந்தானே தெரியும்."

பயாஸ்கோப் பார்த்த ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய். நான் விரல் விட்டு எண்ணவில்லை, தானாகவே தெரிந்தது.

கருப்பையாவுக்குப் பக்கத்திலேயே புதைத்திருந்தார்கள். "எப்பவும் அங்கதான் போய் உக்காந்திருப்பாரு, அதான்" என்றார் அக்கா. ஓடையைத் தாண்டி ஒரு சரிவு. பெட்டிப் பலகையில் செய்த சிலுவை ஒரு மேட்டில். இன்னொரு மேட்டில் புல் முளைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். அழுகை வரவில்லை. கையில் மீன் இருந்தது, அதை எங்கே வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து மீனை அந்தப் புதுப் பெண்ணிடம் கொடுத்தேன். ஊரிலிருந்து கப்பலில் வந்து பத்து நாள்கூட ஆகாத புருஷன் பெண்சாதி. அவள் தயங்கி வாங்கி, "இருந்து சாப்ட்டுப் போங்கண்ணே" என்றாள். புருஷனும் வற்புறுத்தினான். எங்கள் அடுப்பில், எங்கள் சட்டியில் அவள் குழம்பு வைத்தாள். நாங்கள் படுத்த தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த அறையில் அவ்வளவு ருசியாக நாங்கள் ஒருநாளும் சமைத்ததில்லை.

"இங்க இருந்தவங்க ஒங்க சொந்தமாண்ணே?" என்று கேட்டாள்.

சொந்தமில்லை. மூன்று பேருக்கும் ஊர் வேறு, சாதி வேறு, ஒருவனுக்குச் சாமியும் வேறு. "கூட வேல செஞ்சவங்க" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சிநேகிதர்கள் இல்லாமல் இல்லை. கடை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஒரு ஆயுள் ஓடிவிட்டது. ஆனால் யாரோடும் ஒரே பானையில் பொங்கித் தின்னுகிற அளவுக்கு நெருங்கவில்லை. நெருங்கவிடவில்லை என்பதுதான் சரி.

போன வருஷம் மகனைக் காரில் அந்தப் பக்கம் போகச் சொன்னேன். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. ஓடையைச் சிமெண்டுக் கால்வாயாக்கியிருந்தார்கள். அதைத் தாண்டியிருந்த சரிவை வெட்டிச் சமமாக்கி, வரிசையாக வீடுகள் கட்டியிருந்தார்கள். காரை விட்டு இறங்கி, இங்கேயா அங்கேயா என்று ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரத் தேடுறீங்க ஐயா? பேரச் சொல்லுங்க, இங்க எனக்கு எல்லாரையும் தெரியும்லா."

இரண்டு பெயரும் நாக்கு வரை வந்தன.

"யாரையும் இல்லம்மா" என்றேன். "தெரு மாறி வந்துட்டேன்."