வலிப்பு என்று சொன்னோம்

சிதம்பரத்தில் நாங்கள் தங்கியிருந்த அறையில், ஒரு மதியம், நண்பன் ஜெரோம் போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டான். உதடு நீலமாகிவிட்டது.

"உண்மையச் சொன்னா கேஸாயிடும் மச்சான். வலிப்புன்னு சொல்லிடலாம்" என்றான் உடனிருந்த செந்தில். நானும் தலையாட்டினேன். டாக்டர்கள் நம்ப வேண்டுமே என்று, வலிப்பு வந்தவனுக்கு இரும்பு கொடுப்பதுபோல ஜெரோமின் கையில் பைக் சாவியைத் திணித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

அங்கே வலிப்புக்கு மருந்து கொடுத்தார்கள். மூச்சு இன்னும் குறைந்தது. ஊசித் தழும்பைக் கண்ட டாக்டர் என்னைப் பார்த்தார். "நான் போலீஸ் இல்ல தம்பி. என்ன போட்டான்?"

சொன்னேன். உடனே அதற்கான மாற்று மருந்தைப் போட்டார்கள். பிழைத்தான். ஆனால் மூச்சு குறைந்திருந்த நேரத்தில் மூளை பாதித்ததால் பேச்சு இன்னும் குழறுகிறது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல மச்சான்" என்று ஒரே ஒருமுறை கேட்டான். அது என் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது வாராவாரம் கடலூருக்குச் சிகிச்சைக்கு அவனோடு நான்தான் போகிறேன். சீட்டு எழுதுபவர் என்ன நோய் என்று கேட்டால், அவன் தலைகுனிவதற்குள் "மாத்திரைப் பழக்கம்" என்று நானே சொல்லிவிடுகிறேன்.