குண்டு பல்பும் ஒரு சிவப்புப் புள்ளியும்

போன வாரம் குமணன்சாவடியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். எங்கும் நூறு வாட் குண்டு பல்பு இல்லை. "அதெல்லாம் இப்ப யார் சார் வாங்குறாங்க?" என்று எல்.இ.டி.யை நீட்டினார் ஒரு கடைக்காரர். லாபம் அதிகமுள்ளதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று உடனே பட்டது. இளநீரைக்கூடக் காதருகே குலுக்கிப் பார்த்து வாங்குகிற ஆள் நான்.

எனக்குக் கம்பி பல்புதான் வேண்டும். காரணம் ரஃபீக்.

பல வருடங்களுக்கு முன்பு எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நூம்பலில் என் வீட்டு மாடியில், இரும்பு கடைய ஒரு குட்டி லேத் வைத்திருந்தேன். யாரோ கழித்துப்போட்ட டிரெட்மில் மோட்டாரை அதில் மாட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க நானே ஒரு கன்ட்ரோலர் போர்டு செய்துகொண்டிருந்தேன். கடையில் கிடைக்குமே என்று கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஆள் செய்ததை எப்படி நம்புவது? ரஃபீக் பூந்தமல்லிக்காரன், என் வயது, குமணன்சாவடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. போர்டுக்கு வேண்டிய மாஸ்ஃபெட்டுகளை, அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் மூன்று கால் கறுப்புச் சில்லுகளை, அவன்தான் தந்தான்.

கூடவே ஒரு மரப்பலகையில் ஹோல்டர் அடித்து, குண்டு பல்பும் மாட்டிக் கொடுத்தான். "மச்சான், புது போர்டுக்கு நேரா கரண்ட் குடுக்காத. நடுவுல இந்த பல்ப போடு. பளிச்சுனு எரிஞ்சா உள்ள எங்கியோ தப்பு கீது. போர்டு வெடிக்காம பல்பு தாங்கிக்கும்."

நான் போடவில்லை. டூப்ளிகேட் சரக்கைக் கொடுத்துவிட்டு, குட்டு வெளிப்படாமல் இருக்கப் பல்பால் முட்டுக் கொடுக்கிறான் என்று நினைத்தேன். முதல் மாஸ்ஃபெட் பட்டென்று வெடித்தது. இரண்டாவதும். அந்தக் கருகல் வாசனையில் எனக்கு ஒரு திருப்திகூட. பார்த்தாயா, நினைத்தது சரி!

மூன்றாவதை வேறு இடத்தில் வாங்கி, அதன் முதுகில் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டில் மாட்டித் தரச் சொல்லி ரஃபீக்கிடம் கொடுத்தேன். திரும்ப வாங்கியதும் அவன் முன்னாலேயே திருகைக் கழற்றிப் பார்த்தேன். புள்ளி இல்லை.

"இன்னா தேடுற?"

"நான் வச்ச செவப்பு புள்ளிய. மாத்திட்டியா?"

"அழுக்குனு தின்னர் போட்டு தொடச்சேன். சூடு எறங்க பேஸ்ட் தடவ சொல்லோ அடியில எதுவும் ஒட்டிகினு இருக்கக் கூடாது." நான் கழற்றிய திருகைக் கையில் எடுத்தான். "என்னைப் புடிக்கவா வச்ச?"

மாட்டிக்கொண்டவன் இப்படித்தான் கேட்பான் என்று நினைத்தபடி வண்டியைக் கிளப்பினேன்.

இதையும் வெடிக்கவிட மனமில்லாமல், ஒரு ஞாயிறு காலை வேறு வழியின்றி அந்தப் பல்பை மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். மோட்டாருக்குக் குறுக்கே வரும், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும் டயோடை நானே தலைகீழாகப் பற்றவைத்திருந்தேன். திருப்பி வைத்ததும் பல்பு அடங்கியது; அதை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தேன், லேத் சுழன்றது. எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றே அவனிடம் போயிருக்க வேண்டும். முகத்தில் முழிக்கக் கூசி நாலைந்து மாதம் தள்ளினேன். போனபோது சாலையை அகலமாக்க அந்தக் கடை வரிசையையே இடித்திருந்தார்கள். போனை வேறு யாரோ எடுத்தார்கள். "ஊட்டக் காலி பண்ணிகினு பூட்டாரு, எங்கன்னு தெர்ல" என்றார் எதிர் டீக்கடைக்காரர். ரஃபீக் சொல்லிக்கொடுத்துத்தான் மறைக்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன், பாருங்கள்.

லேத் அந்த மூன்றாவது மாஸ்ஃபெட்டோடு இன்றும் ஓடுகிறது. இப்போது டிரில்லிங் மெஷினுக்கு இன்னொரு போர்டு செய்து முடித்திருக்கிறேன். போன வாரம்தான் அவன் கொடுத்த பல்பின் கம்பி அறுந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல அந்தப் பல்பும் அவனும்தான் இருந்தார்கள். புது போர்டுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.