காலர் யாருக்குக் கூட

அப்போது பசுவந்தனையிலிருந்து தினமும் பஸ் ஏறி, புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் என் வயதுக்காரி ஒருத்தி. சூப்பர்வைசர் அவளுக்கு லேசான நேர்த்தையலைக் கொடுத்துவிட்டு, கஷ்டமான காலரையெல்லாம் என் தலையில் கட்டுகிறார் என்று எனக்கு வயிறு எரியும். அவள் சும்மா சிரித்தால்கூட என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றும்.

ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது என் போனில் ஒருவரின் பேச்சு வீடியோவைக் கேட்டேன். நாம் ஒன்றை நம்பிவிட்டால், மனம் அதற்குத் தோதானதை மட்டும் பொறுக்கிச் சேர்க்குமாம். மாறாக நடப்பதையும் எழுதிப் பார்க்க வேண்டுமாம். சூப்பர்வைசரின் ஓரவஞ்சனையை நிரூபித்துவிடலாம் என்ற ஆசையில்தான் நான் எழுத ஆரம்பித்தேன். எனக்குக் காலர் வந்தால் மெஷின் பலகையின் அடியில் இடப்பக்கம், அவளுக்கு வந்தால் வலப்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு.

மூன்று வாரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். அவளுக்குத்தான் கோடு கூட. வெட்கம் வரவில்லை, கோபம் வந்தது. திரும்பவும் எண்ணினேன். அப்போதும் அவளுக்குத்தான் கூட.

மதியச் சாப்பாட்டின்போது, அவளுக்குத்தான் காலர் கூட வருகிறது என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அது எனக்குத் தெரியாதா? இத்தன நாளா உன்னப் பாத்துதான் நான் பொருமுதேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து காலரை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவளுடைய பாதி எப்போதும் என் பாதிக்கு முன்னால் முடிந்தது. அவள் கைவேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை. யார் முதலில் முடிக்கிறோம் என்று கோடு போட்டு அந்தப் பொறாமையையும் எண்ணிப் பார்த்தேன். இந்த முறை அது சரியாகத்தான் இருந்தது.